பின்மூடி திறந்த கேம்ரி

தாவி என்பவள் வந்து நின்றபோது காலை பத்து மணி. ஸ்ராலாவ் ஊர்ச் சந்தையின் கோடியில் பஞ்சர் கடைக்காரி கொலாப், பழைய லாரி டயர் ஒன்றைக் காலுக்கடியில் அழுத்திக்கொண்டு கத்தியால் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகையில் விபோல் ஓர் அரிசி வியாபாரியின் தராசைப் பிரித்துப் பரப்பி, அதன் முள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தாவியின் கால்களில் ஜோடி சேராத இரண்டு செருப்புகள் இருந்தன. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மாமா, எந்திரம் ஆத்துல விழுந்துடுச்சாம்" என்றாள்.

எந்த எந்திரம் என்று கேட்க வேண்டிய அவசியம் ஸ்ராலாவில் யாருக்கும் இல்லை. தாவியின் கணவன் ரித்தி பதினான்கு வருடம், சாலை பிரியும் இடமான வெள்ளைக்கல் பிரிவில் உள்ள கல் உடைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தக் கல்லின் தூள் அவன் நெஞ்சுக்குள் படிந்துவிட்டது. முந்தாநாள் பட்டாம்பாங் நகர ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் எந்திரம் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பிழைத்துக் கிடப்பான் என்றார்கள். கூடவே இரண்டு சிலிண்டரும் கொடுத்தார்கள். ஊரில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே எந்திரத்தோடு ஒரு ஜெனரேட்டரும் வேண்டியிருந்தது. ரித்தியின் தம்பி சம்பாத் தன் சின்ன உழவு டிராக்டரை விற்றுவிட்டு நேற்றே பட்டாம்பாங் போனான். இன்று விடியற்காலை இரண்டையும் ஒரே மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, ஊர்க்காரர்கள் எல்லாரும் நம்பும் டிரைவரான புந்தோனின் வாடகைக் காரான கேம்ரியில் ஏற்றிவிட்டு, தான் பைக்கில் முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான்.

புந்தோன் அந்தச் சாலையில் ஒரு பெயர். ஒரே நடையில் ஓர் அலமாரி, ஆறு பன்றிக்குட்டி, ஒரு கல்யாணப் பெண் மூன்றையும் சேதமில்லாமல் கொண்டுவந்து இறக்கியவன். பெட்டி பெரியது, கேம்ரியின் பின்பக்கத்தில் பாதிதான் உள்ளே போயிற்று, மீதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது, பின்மூடியைத் தூக்கிவிட்டு, டயர் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டினோம் என்று சம்பாத் சொல்லியிருந்தான். அதெல்லாம் வழக்கம்தான். ஆனால் ஊருக்கு முன்னால் உள்ள பலகைப் பாலத்தில் ஏறும்போது வண்டியின் பின்பக்கம் இடித்து, பட்டை அறுந்து, பெட்டி உருண்டு ஆற்றில் விழுந்துவிட்டது என்று புந்தோன் எட்டரை மணிக்கு ஓடிவந்து கத்தியிருக்கிறான். அப்போதிருந்து பதினைந்து பேர் மடுவில் முங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"ரெண்டாவது சிலிண்டரைத் திறந்தாச்சு மாமா. அவர் உக்காந்தே இருக்காரு. படுத்தா மூச்சு நிக்குது" என்று தாவி சொன்னாள். அழவில்லை. அழுவதற்கு வேண்டிய நேரம்கூடத் தன்னிடம் இல்லை என்பதுபோல் வார்த்தைகளை வேகமாக எண்ணி வைத்தாள்.

விபோல் இருபத்தேழு வருடம் நெடுஞ்சாலை எடை மேடையில் உட்கார்ந்தவர். தூரத்தில் வண்டி வரும்போதே அதன் பின்பக்கம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்லிவிடுவார். அதன் பிறகு மேடையில் ஏற்றிப் பார்ப்பது வெறும் சடங்கு. ஓய்வு பெற்ற பின் தராசு பழுது பார்த்தாலும், ஊரில் மாடு காணாமல் போனால், நகை காணாமல் போனால், முதலில் அவரிடம்தான் வருவார்கள். கொலாப் அழைக்காமலே கூடப் போவாள். போகிற வழியிலேயே குற்றவாளியையும் கண்டுபிடித்துவிடுவாள். பெரும்பாலும் தவறான ஆளை.

"சம்பாத்துதான்" என்றாள் அவள், கத்தியை மடக்கியபடி. "பெட்டிக்குள்ள செங்கல்ல வச்சு அனுப்பியிருப்பான். வித்த காசு அவன் இடுப்புல இருக்கும்."

"பெட்டியே கிடைக்கல. அதுக்குள்ள செங்கல் எங்கம்மா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு விபோல் எழுந்தார்.

முதலில் தாவியின் வீட்டுக்குப் போனார்கள். ரித்தி கட்டிலில் இரண்டு தலையணைகளை மடியில் வைத்து, அவற்றின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். முதுகெலும்பு சட்டைக்குள் ஏறி இறங்கியது. விபோல் அவன் தோளைத் தொட்டுவிட்டு, சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தார். முள் பார்ப்பது அவர் தொழில். வெளியே வந்த பிறகுதான் கொலாப்பிடம் மெல்லச் சொன்னார். ரெண்டு மணி வரைக்கும் வரும், ரெண்டேகாலுக்கு வராது.

சம்பாத் வாசலில் காலி சிலிண்டரைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். பட்டாம்பாங் போய் நிரப்பிக்கொண்டு திரும்ப எப்படிப் பறந்தாலும் நான்கு மணி ஆகும். ரித்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. அந்தத் தூசிச் சாலையில் இரண்டரை மணி நேரம் போனால் பாதி வழியிலேயே முடிந்துவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சும்மா நிற்கச் சம்பாத்தால் முடியவில்லை.

விபோல் அவனை நிறுத்தி, பெட்டி கட்டும்போது புந்தோன் எங்கே இருந்தான் என்று கேட்டார். கடைக்குள்ளேயே, பக்கத்திலேயே நின்றான் என்றான் சம்பாத். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான், ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும், எந்திரத்தை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று. நல்ல மனுஷன்.

"வேற ஏதாச்சும் கேட்டானா?"

சம்பாத் பைக்கை உதைத்துக் கிளப்பிய பிறகு யோசித்துச் சொன்னான். "மூக்குல வெக்கிற குழாய்ல சின்ன அளவு இருக்கான்னு கேட்டான். அண்ணனுக்கு மூக்கு புண்ணாகக் கூடாதுன்னு கேக்குறான்னு நெனச்சேன். கடைக்காரன் ஒண்ணு சும்மாவே குடுத்தான்."

"பாத்தீங்களா, எவ்வளவு அக்கறை. அவனப் போயி ஆத்துல முங்க விட்டுட்டு இவன் ஊர் சுத்தக் கிளம்பறான்" என்று பைக் போன புழுதியைப் பார்த்துக் கொலாப் முணுமுணுத்தாள்.

பாலத்துக்கு நடக்க இருபது நிமிடம். அங்கே ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் மூங்கிலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மீன்வலையை இழுத்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக முங்கிக்கொண்டிருந்தவன் புந்தோன்தான். மேலே வரும்போதெல்லாம் கண் செக்கச் சிவந்திருந்தது. ஒரு மூச்சு வாங்குவான், மறுபடி போய்விடுவான். கரையில் நின்ற பெண்கள் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பாலத்தைத் தாண்டி அவன் கேம்ரி, பின்மூடி திறந்தபடியே நின்றது. வெள்ளை வண்டி, ஆனால் கதவெல்லாம் சிவப்புப் புழுதி.

கொலாப் நேராக வண்டிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த டியூப் பட்டையைக் கையில் எடுத்தாள். ரப்பரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நுனியை விரித்து, வெயிலில் காட்டி, பல்லால் கடித்தும் பார்த்தாள்.

"வெட்டினது இல்ல மாமா. அறுந்ததுதான். கத்தி பட்டா வாய் வழவழன்னு இருக்கும். இது நார் நாரா இழுத்துட்டுப் போயிருக்கு. அவன் சொல்றது நெசம்."

அதைக் கேட்டதும் கரையில் இருந்தவர்கள் ஆண்களைப் பார்த்து இன்னும் கீழே போய்த் தேடுங்கள் என்று குரல் கொடுத்தார்கள். கொலாப்புக்குத் தான் ஒரு முக்கியமான காரியம் செய்துவிட்ட நிம்மதி.

விபோல் பட்டையை வாங்கி, அறுந்த வாயை விரித்துப் பார்த்தார். பாலத்தின் எதிர்ப்பக்கம் போய், வண்டி ஏறும் முகப்பில் குந்தி உட்கார்ந்தார். பலகை தேயாமல் இருக்க அங்கே ஓர் இரும்புத் தகடு அடித்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். தகடு முழுக்கப் பழைய கீறல்கள், துருவேறி, மேலே சிவப்புத் தூசி படிந்து. பிறகு திரும்பி வந்து காரின் பின்பக்கத்தில் தலையை நுழைத்தார். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலைக் கொலாப்பிடம் காட்டினார். விரல் நுனி வெளுத்திருந்தது, முகப்பவுடர் தொட்டதுபோல.

"அது கல் பட்டறைத் தூசி மாமா. அந்த வழியாத்தான வந்தான்" என்றாள் கொலாப். பின்சீட்டையும் பார்த்தார்கள். அங்கேயும் வெள்ளைதான், தட்டினால் புகைபோல எழும்பியது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். கதவுப் பையில் இரண்டு கனத்த டயர்த் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, துணியில் சுற்றி இருந்தன. ஓரத்தில் அவள் போடும் வெட்டுக்குறி.

"என் கடைத் துண்டு. போன மழைக்கு முன்ன வாங்கினான், இன்னும் தொலைக்காம வச்சிருக்கான் பாருங்க."

"எங்க இருந்துச்சு?"

"இந்தப் பையில."

விபோல் வண்டியின் கீழே படுத்து, பின் சக்கரத்தின் ஸ்பிரிங் இரண்டையும் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று கொலாப் எதிர்பார்த்தாள். கோபம் இல்லை. எடை மேடையில் யாரோ ஏழை வியாபாரியின் வண்டி அளவுக்கு மேல் ஏறி வந்துவிட்டால் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி இருந்தது.

"எல்லாரையும் மேல வரச் சொல்லு" என்றார். "புந்தோனையும்."

தேடியவர்கள் ஈரம் சொட்டச் சொட்டக் கரையில் வந்து நின்றார்கள். சிலருக்கு எரிச்சல், நேரம் போகிறதே என்று. தாவியும் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். பதினொன்றரை ஆகியிருந்தது. புந்தோன் முட்டியில் கைகளை ஊன்றி இருமிக்கொண்டிருந்தான்.

விபோல் குரலை உயர்த்தாமல் பேசினார். "பெட்டி ஆத்துல இல்ல. இனிமே யாரும் முங்க வேண்டாம்."

ஒரு சலசலப்பு எழுந்தது. கொலாப்தான் முதலில் எதிர்த்தாள். பட்டை அறுந்தது என்று தான் பார்த்துச் சொன்னதை ஊர் முன்னால் அவர் தள்ளிவிடுகிறாரே என்று.

"நீ சொன்னது சரிதான், அறுந்ததுதான். ஆனா எப்ப அறுந்துச்சுன்னு பாக்கல. அறுந்த வாய்க்குள்ள நாருக்கு நடுவுல வெள்ளைத் தூசி ஏறிப் போயிருக்கு. இங்க அறுந்திருந்தா அது சுத்தமா இருந்திருக்கும், இல்லன்னா செவப்பா இருந்திருக்கும். அது பழைய பட்டை. எப்பவோ அறுந்தத எடுத்துத் தொங்க விட்டிருக்கான்."

பிறகு பாலத்தின் முகப்பைக் காட்டினார். பெட்டியின் பாதி பம்பருக்கு வெளியே தொங்கிக்கொண்டு வந்தால் வண்டியின் வால் தரையைத் தேடும். பின்பக்கம் இடித்ததால்தான் எல்லாம் நடந்தது என்று புந்தோனே சொல்கிறான். பட்டை அறுந்து பெட்டி தெறிக்கிற அளவுக்கு இடித்திருந்தால், அந்த இரும்புத் தகட்டில் காசு மாதிரிப் பளபளவென்று ஒரு கீறல் இருக்க வேண்டும். தகட்டில் இருப்பவை எல்லாம் துருப்பிடித்த கீறல்கள்.

"மெதுவா ஏத்தியிருக்கலாம்" என்று ஒருவன் சொன்னான்.

"மெதுவா ஏத்தினா பட்டை ஏன் அறுவுது?" என்றார் விபோல். "சரி, அத விடு. வெள்ளைக்கல் பிரிவு வரைக்கும் ரோடு வெள்ளை. அங்கருந்து இங்க வரைக்கும் ஒம்போது கிலோமீட்டர் செம்மண்ணு. பின்மூடியத் திறந்து போட்டு ஓட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சக்கரம் கிளப்புற புழுதி அத்தனையும் வண்டி உள்ள இழுத்துக்கும். இறங்கும்போது நம்ம பல்லெல்லாம் மண்ணு. இந்த வண்டிக்குள்ள போயிப் பாருங்க. வெள்ளை அரை விரல் கனத்துக்குக் கிடக்கு, செவப்பு ஒரு சிட்டிகை இல்ல. வெளிய மட்டும் செவப்பு. வெள்ளை ரோட்டுல மூடி திறந்திருந்துச்சு. செம்மண் ரோட்டுல மூடியிருந்துச்சு. பெட்டி இருந்தா மூட முடியாது."

புந்தோன் நிமிரவில்லை.

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அத இவன் யோசிச்சுச் செய்யல, கை தானா செஞ்சிருக்கு" என்று விபோல் டயர்த் துண்டுகளைத் தூக்கிக் காட்டினார். "பாரம் ஏத்தினா, வண்டி உக்காராம இருக்க இந்தத் துண்ட ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல சொருகுவோம். பாரத்த எறக்கின உடனே ஜாக்கி வச்சுக் கழட்டிடுவோம், இல்லன்னா காலி வண்டி குதிக்கும். பெட்டி ஆத்துல விழுந்து பதறி ஓடி வந்தவன், நடுவுல நின்னு, ஜாக்கி போட்டு, ரெண்டு பக்கமும் துண்டக் கழட்டி, துணியில சுத்திக் கதவுப் பையில வெப்பானா? நல்ல டிரைவர். நல்ல டிரைவர்ங்கறதாலதான் மாட்டிக்கிட்டான்."

அதற்குள் ஒருவன் மூங்கிலை ஓங்கிவிட்டான். மூன்று மணி நேரம் குளிர்ந்த சேற்றில் முங்கியவனின் கோபம் அது. இன்னும் மூன்று பேர் முன்னால் நகர்ந்தார்கள். புந்தோன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

"அடிங்க" என்றார் விபோல் அதே குரலில். "ஆனா பெட்டி எந்த வீட்டுல இருக்குன்னு அவன்தான் சொல்லணும். வாய ஒடச்சுட்டு யாரக் கேப்பீங்க?"

மூங்கில் மேலேயே நின்றது. விபோல் புந்தோனின் எதிரே போய் உட்கார்ந்தார்.

"விக்கிறதுக்குத் திருடறவன் மூக்குக் குழாய்ல சின்ன அளவு கேக்க மாட்டான். உனக்கு எத்தனை பிள்ளைங்கடா?"

"ஒண்ணுதான் மாமா" என்றான் புந்தோன். "தீதா. ஆறு வயசு."

பிறகு எல்லாம் கொட்டியது. வெள்ளைக்கல் பிரிவில், பட்டறைக்குப் பின்னால்தான் அவன் வீடு. மூன்று நாளாகப் பிள்ளைக்குக் காய்ச்சல், நெஞ்சு குழி விழுந்து மூச்சு இழுக்கிறது. கடையில் சின்னக் குழாய் கேட்டபோதும் அவள் நினைப்புதான். இன்று காலை பயணிகளைப் பிரிவில் இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குள் போனான். பிள்ளையின் உதடு நாவல் பழமாக இருந்தது. பட்டாம்பாங் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும் என்று தோன்றியது. வண்டியின் பின்னால் மூச்சு எந்திரம் இருந்தது.

"உங்க வீட்டுல சிலிண்டர் இருக்குன்னு சம்பாத் சொன்னான், தாவி. ஒரு ராத்திரி தாங்கும்னு நெனச்சேன். நாளைக்கு ஆத்துல கிடைச்சதுன்னு நானே கொண்டாந்து குடுத்துடலாம்னு."

"தண்ணியில ஒரு நாள் கிடந்த எந்திரம் ஓடுமாடா?" என்று கொலாப் கேட்டாள்.

"அதெல்லாம் யோசிக்கலக்கா."

தாவி அவனைப் பார்க்கவே இல்லை. கேம்ரியின் முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது கிலோமீட்டரையும் புந்தோன் கால் மணி நேரத்தில் கடந்தான். பின்சீட்டில் விபோலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொலாப்புக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் பட்டையைப் பார்த்து நிசம் என்று சொன்னதால் மட்டும் எத்தனை நிமிடம் போயிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. நல்லவேளை, விபோல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தகரக் கூரை வீடு. வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பாயில் பிள்ளை படுத்திருந்தாள், மூக்கில் சின்னக் குழாய், பக்கத்தில் எந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது, ஆனால் விலா எலும்புகள் இன்னும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. புந்தோனின் மனைவி மோம் வாசலில் நால்வரையும் பார்த்தாள். தன் புருஷனின் ஈரத் தலையைப் பார்த்தாள். தாவியின் கால்களில் இருந்த செருப்புகளைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மோம் கெஞ்சவில்லை. குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த குழாயை மெல்ல விடுவிக்க ஆரம்பித்தாள். முடியில் சிக்கியிருந்ததால் அது சுலபத்தில் வரவில்லை.

"கழட்டாத" என்றாள் தாவி.

பாலத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. எந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் விபோலின் பக்கம் திரும்பி, இது ரெண்டு பேருக்கு வருமா என்று கேட்டாள்.

விபோல் எந்திரத்தின் எண்களைக் குனிந்து படித்தார். அதிகபட்சம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். ரித்திக்கு மூன்றில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை இப்போது இரண்டில் இருந்தாள்.

"வரும். ஆனா குழாயப் பிரிச்சா பாதிப் பாதியாத்தான் போகும், நம்ம இஷ்டத்துக்குப் போகாது. ஆளுக்கு ரெண்டரை. உன் புருஷனுக்குக் கொறையும்மா" என்றார்.

"கொறையட்டும்."

அவள் சொன்ன விதத்தில் தயவு எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூட்டையை இறக்கி வைப்பதுபோல் சொன்னாள். அத்தோடு, "இங்க நின்னு பேசிட்டே இருக்காதீங்க, மணி பன்னெண்டு" என்றும் சொன்னாள்.

பிறகு நடந்ததைக் கொலாப் வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தாலும் கேட்பவர் பாதிதான் நம்புவார்கள். எந்திரம் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது, அப்படியென்றால் ஜெனரேட்டரும் ஓடியபடியே வர வேண்டும். புந்தோன் பழக்க தோஷத்தில் அதைப் பின்பக்கத்தில் ஏற்றப் போனான். கொலாப் கத்தி நிறுத்தினாள். பின்மூடியைத் திறந்து வைத்தால் புழுதியோடு புகையும் உள்ளே வரும், பிள்ளை செத்துப் போகும். மூடி வைத்தால் எல்லாருமே செத்துப் போவோம். மேலே ஏற்று, புகைவாய் பின்பக்கம் பார்க்கட்டும்.

கூரையின் மேல் ஒரு மெத்தையை விரித்து, அதிர்ச்சி தாங்க இன்னொரு தலையணையும் வைத்து, உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். சூடு பட்டு விபோலின் முழங்கை வெந்தது. புந்தோன் கட்டினான். கதவுகளின் வழியே பட்டையை உள்ளே விட்டு, குறுக்கே இழுத்து, கூரைக்கும் பம்பருக்கும் முடிச்சுப் போட்டு, ஒரு முறை ஆட்டிப் பார்த்து, மறுபடி இறுக்கினான். அந்தக் கட்டில் குறை சொல்ல இடமில்லை என்பதைக் கொலாப் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மின்வயரை ஜன்னல் இடுக்கில் விட்டு, மீதி இடைவெளியைக் கட்டம் போட்ட துண்டால் அடைத்தாள் மோம். எந்திரம் முன்சீட்டில் உட்கார்ந்தது. பின்னால் மோம் மடியில் பிள்ளையோடு, தாவி, விபோல். டிரைவர் சீட்டில் புந்தோனும், அதே சீட்டில் கதவோடு ஒட்டிக்கொண்டு கொலாப்பும்.

"கிளட்ச்ச மிதிக்கறது நீயா நானா?" என்று அவள் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் புந்தோன் ஒரு மூச்சை வெளியே விட்டான்.

இந்த முறை அவன் வேகமாக ஓட்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மேலே உறுமல் மாறும்போதெல்லாம் ஆறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். பாலத்தில் ஏறியபோது, இரும்புத் தகட்டில் ஸைலன்ஸர் உரசிக் கிரீச்சிட்டது. கரையில் இன்னும் நின்றுகொண்டிருந்தவர்கள் தலையில் ஜெனரேட்டரோடு வந்த காரை வாய் பிளந்து பார்த்தார்கள். மூங்கில் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு, வழியில் நின்ற மாட்டை ஓட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

தாவியின் வீட்டு வாசலில் நின்றபோது ஒன்று நாற்பது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டில் படுத்துக் கிடந்தது. ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்க ஏதாவது வேண்டும் என்று கொலாப் சுற்றுமுற்றும் பார்த்தாள். அதற்குள் புந்தோன் தன் வண்டியின் முன்மூடியைத் தூக்கி, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயின் நடுவில் இருந்த மூன்று வாய் இணைப்பைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தான். அவள் அதைக் கொதிநீரில் கழுவி, ஊதிப் பார்த்து, ஒரு வாயில் எந்திரத்தையும், மற்ற இரண்டில் பெரிய குழாயையும் சின்னக் குழாயையும் சொருகி, டியூப் ரப்பரால் சுற்றிக் கட்டினாள். விபோல் குமிழை ஐந்துக்குத் திருப்பினார். குழாய்களின் நீளம் போதாததால் இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் இருக்க முடியும்.

நான்கு மணிக்குச் சம்பாத் நிரப்பிய சிலிண்டரோடு வருவான். அதை வைத்துக்கொண்டு புந்தோன் பிள்ளையை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அதுவரை இரண்டரையும் இரண்டரையும். மற்றதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விபோல் சொல்ல, புந்தோன் வாசற்படியில் உட்கார்ந்து தலையை ஆட்டினான். உள்ளே வருவதற்கு அவனை யாரும் கூப்பிடவில்லை.

ரித்தியின் முதுகு ஏறி இறங்குவது கொஞ்சம் மெதுவானது. தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, கட்டிலின் கால்மாட்டில் மோமின் கையைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கிக் கிடந்த சின்ன உருவத்தைப் பார்த்தான். அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"யாரு இது?" என்றான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு.

கொலாப் தாவியின் முகத்தைப் பார்த்தாள். தாவி செருப்பைக் கழற்றி மூலையில் விட்டாள்.

"டிரைவர் பொண்ணு" என்றாள். "மூச்சு முட்டுதாம்."

ரித்தி மடித்து வைத்திருந்த கால்களை, ஒன்றன்பின் ஒன்றாக, சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு பிள்ளைக்கு இடம் விட்டான்.